கொலுசுப் பட்டறைக் கணக்குக்கு டேட்டாபேஸ் வடிவமைப்பது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கட்டியை வெளிப் பட்டறைகளுக்குக் கொடுத்துக் கொலுசாகத் திரும்ப வாங்கும் கடைகளில், கணக்கு நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும்போது முதலில் வருவது ஒரே ஒரு எக்செல் ஷீட். தேதி, பட்டறைக்காரர் பெயர், போன், ஊர், கொடுத்த எடை, டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தூய வெள்ளி என்ற அளவு), மாடல் 1, மாடல் 2, மாடல் 3, வந்த எடை, கூலி, நிலுவை என்று பத்திகள் வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும். பட்டறைகள் குறைவாக இருக்கும்வரை இது ஓடிவிடும். பெருகும்போது மூன்று இடங்களில் உடையும்.

சிவதாபுரத்துப் பட்டறைக்காரர் போன் எண்ணை மாற்றினால், அவர் பெயர் வரும் எல்லா வரிசைகளிலும் மாற்ற வேண்டும். இரண்டை விட்டுவிட்டால் எது சரியான எண் என்று ஷீட்டுக்குத் தெரியாது. புதிதாகக் கூலி பேசி முடித்த பட்டறைக்கு இன்னும் வெள்ளி போகவில்லை என்றால், அவரைப் பதிவு செய்ய எடை காலியாக ஒரு பொய் வரிசை போட வேண்டும். ஒரே ஒரு முறை வேலை செய்தவரின் அந்த ஒரு வரிசையை அழித்தால், அவர் முகவரியும் பேசிய கூலியும் சேர்ந்தே அழிந்துபோகும். மாற்றும்போது, சேர்க்கும்போது, நீக்கும்போது வரும் இந்த மூன்று கோளாறுகளையும் டேட்டாபேஸ் பாடத்தில் அனாமலி என்பார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றே: பட்டறையைப் பற்றிய செய்தி, கொடுக்கல் வாங்கல் செய்தியோடு ஒட்டிக் கிடக்கிறது.

ரிலேஷனல் டேட்டாபேஸ் என்பது இந்த ஒட்டைப் பிரிப்பதற்கான முறை. 1970-ல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் இதன் கணித அடிப்படையை வெளியிட்டார். இன்று மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்களில் எதை எடுத்தாலும் அடித்தளம் அதுதான். கீழே சொல்லும் வடிவம் மூன்றுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்

ஒரு மாதத்துச் சீட்டுகளையும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ள செய்திகளை முழு வாக்கியங்களாக எழுதுங்கள். ‘ஒரு பட்டறைக்குப் பல முறை வெள்ளி போகும்.’ ‘ஒரு முறை வரும் சரக்கில் பல மாடல் கொலுசு இருக்கும்.’ ‘ஒரே மாடலைப் பல பட்டறைகள் செய்யும்.’ ‘மாடலுக்கு மாடல், பட்டறைக்குப் பட்டறை கூலி மாறும்.’ இப்படி இருபது முப்பது வாக்கியம் சேர்ந்துவிடும். பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் டேபிள்களாகும், அதாவது வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாகும். ‘ஒரு’, ‘பல’ என்று வரும் இடங்கள் உறவுகளாகும்.

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: வரும் கொலுசு, கொடுத்த எந்த வெள்ளிக்கு உரியது? கணினி படித்தவர்கள் பலரும் வந்த சரக்கைப் பதியும் ‘வரவு’ டேபிளில், வெள்ளி கொடுத்த பதிவைக் காட்டும் ‘வழங்கல் எண்’ என்று ஒரு பத்தியைக் கட்டாயமாக வைத்துவிடுவார்கள். பட்டறையில் நடப்பது வேறு. திங்கள்கிழமை கொடுத்த கட்டியும் வியாழக்கிழமை கொடுத்த பழைய வெள்ளியும் ஒரே உருக்கில் சேர்ந்துவிடும். சனிக்கிழமை வரும் கொலுசு இரண்டிலிருந்தும் வந்தது. எனவே கணக்கு சீட்டுக்குச் சீட்டு தீர்வதில்லை, பட்டறையின் மொத்த நிலுவையில்தான் தீர்கிறது. வழங்கல் எண்ணைக் கட்டாயமாக்கினால், சரக்கை வாங்கிப் பதிபவர் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுத் தள்ளிவிடுவார். பொய்யான செய்தி டேட்டாபேஸில் உண்மை போல உட்கார்ந்துவிடும்.

ஆனால் ஜிஎஸ்டி பார்வை வேறு. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியாரிடம் செய்து வாங்க அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக 1 ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கருதப்படும். அதற்காக எந்தச் சலானுக்கு எவ்வளவு திரும்பியது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதை உறவுகள் பகுதியில் பார்ப்போம். கேள்வியை மட்டும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டேபிள் கட்டிய பிறகு இதை நினைத்தால் பாதியை இடிக்க வேண்டியிருக்கும்.

டேபிள்களும் கீயும்

ஒரு டேபிளில் ஒரே வகைப் பொருளைப் பற்றிய செய்தி மட்டும் இருக்க வேண்டும். நம் கணக்குக்குத் தேவையானவை இவை:

பகுதி: பகுதி_எண், பெயர், வண்டி போகும் கிழமை
பட்டறை: பட்டறை_எண், பெயர், அடையாளக் குறிப்பு, பகுதி_எண், ஜிஎஸ்டி எண், இப்போது வேலை தருகிறோமா
பட்டறை_போன்: பட்டறை_எண், போன்
மாடல்: மாடல்_எண், பெயர்
கூலி_ஒப்பந்தம்: பட்டறை_எண், மாடல்_எண், தொடக்கத் தேதி, கிலோவுக்குக் கூலி, கிலோவுக்குச் சேதாரம்
வழங்கல்: வழங்கல்_எண், பட்டறை_எண், தேதி, எடை, டச், சலான் எண்
வரவு: வரவு_எண், பட்டறை_எண், தேதி
வரவு_விவரம்: வரவு_எண், வரிசை எண், மாடல்_எண், இஞ்ச் அளவு, ஜோடி, எடை, சொன்ன டச், சோதித்த டச், கூலி விகிதம், சேதார விகிதம்
பங்கீடு: வழங்கல்_எண், வரவு_எண், தூய எடை
கூலிப்_பணம்: பணம்_எண், பட்டறை_எண், தேதி, ரூபாய்

ஒவ்வொரு வரிசையையும் மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது பிரைமரி கீ. பட்டறைக்குப் பெயரையே கீயாக வைத்தால் முதல் வாரமே சிக்கல் வரும். சிவதாபுரத்தில் ஒரு செல்வம், பனங்காட்டில் ஒரு செல்வம் இருப்பார்கள். ஒருவரையே ஒருவர் ‘செல்வம்’ என்றும் இன்னொருவர் ‘மு. செல்வம்’ என்றும் பதிவார்கள். போன் எண்ணும் உதவாது, அது மாறும். மகன் எண்ணையே அப்பாவும் கொடுப்பார். 15 எழுத்து ஜிஎஸ்டி எண் தனித்துவமானதுதான், ஆனால் சிறு பட்டறைகள் பலவற்றுக்கு அது இல்லை. எனவே எந்த அர்த்தமும் இல்லாத, மாறவே மாறாத, டேட்டாபேஸ் தானாகத் தரும் முழு எண்ணை பட்டறை_எண்ணாக வையுங்கள்.

எண் வைத்துவிட்டோம் என்று நின்றுவிடக் கூடாது. தானாக வரும் எண், ஒரே ஆளை இரண்டு முறை பதிவதைத் தடுக்காது. ஜிஎஸ்டி எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு வரிசையில் வரக் கூடாது என்ற விதி) போடுங்கள். இல்லாதவர்களுக்கு அந்த இடம் நல் (NULL, மதிப்பே இல்லாத காலி இடம்) ஆக இருக்கட்டும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் மூன்றும் யூனிக் பத்தியில் எத்தனை நல் வேண்டுமானாலும் ஏற்கும். எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் ஒன்றைத்தான் ஏற்கும். ‘இல்லை’ என்றோ ‘0’ என்றோ எழுதி நிரப்பினால் இரண்டாவது ஆளிலேயே யூனிக் முட்டும். பெயர், பகுதி_எண், அடையாளக் குறிப்பு மூன்றும் சேர்ந்து இன்னொரு யூனிக். ‘மாரியம்மன் கோயில் பின்புறம்’ போன்ற அடையாளக் குறிப்பு, ஊருக்குள் உண்மையாகவே ஆளைப் பிரித்துக் காட்டுவது. அந்தப் பத்திக்கு நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற விதி) போடுங்கள், இல்லையென்றால் அது காலியாக விடப்பட்ட வரிசைகளில் யூனிக் வேலை செய்யாது.

பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பத்தியாகப் பிரிக்காதீர்கள். வெளிநாட்டு மாதிரிகளை அப்படியே எடுத்தால் இது வந்துவிடும். இனிஷியல் வைத்து எழுதும் நம் பெயர்களுக்கு அது ஒட்டாது.

டேட்டாபேஸுக்குள் டேபிள் பெயர்களை இடைவெளி இல்லாமல், சிறிய ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து வைப்பது கை வேலையைக் குறைக்கும். உள்ளே இருக்கும் தரவு தாராளமாகத் தமிழிலேயே இருக்கலாம்.

உறவுகள்

ஒன்றுக்குப் பல என்ற உறவுதான் அதிகம் வரும். ஒரு பட்டறைக்குப் பல வழங்கல். இங்கே ‘பல’ இருக்கும் பக்கத்தில், அதாவது வழங்கல் டேபிளில், பட்டறை_எண்ணை வைக்க வேண்டும். அதுதான் ஃபாரின் கீ. பட்டறை டேபிளில் இல்லாத எண்ணை வழங்கலில் எழுத முயன்றால் டேட்டாபேஸ் மறுத்துவிடும். எஸ்க்யூலைட்டில் இந்தக் காவல் இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் ஃபாரின் கீ பிராக்மா என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் வேலை செய்யும். பலரும் இதைத் தவறவிட்டு, ஆள் இல்லாத வழங்கல்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

பட்டறையை நீக்கினால் அதன் வழங்கல்கள் என்ன ஆக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். கேஸ்கேட் என்று கொடுத்தால் பட்டறையோடு அதன் கணக்கும் போய்விடும். வெள்ளிக் கணக்கில் அதை எங்கேயும் கொடுக்காதீர்கள். கணக்கு உள்ள பட்டறையை நீக்க விடாத ரிஸ்ட்ரிக்ட் கொடுங்கள். வேலை நின்ற பட்டறையை நீக்கத் தேவையே இல்லை, ‘இப்போது வேலை தருகிறோமா’ என்ற பத்தியை மாற்றினால் போதும்.

பலவற்றுக்குப் பல என்ற உறவை இரண்டு டேபிள்களால் மட்டும் காட்ட முடியாது, நடுவே மூன்றாவது டேபிள் வேண்டும். பட்டறைக்கும் மாடலுக்கும் நடுவே இருப்பது கூலி_ஒப்பந்தம். வழங்கலுக்கும் வரவுக்கும் நடுவே இருப்பது பங்கீடு. முன்னே விட்டு வந்த ஜிஎஸ்டி கேள்விக்கு விடை இந்தப் பங்கீடுதான். பட்டறையின் நிலுவை வழங்கல், வரவு டேபிள்களிலிருந்து நேராக வரும், பங்கீட்டைத் தொடவே தொடாது. ஆண்டுக் கெடு பார்ப்பதற்கு மட்டும், வந்த தூய வெள்ளியைப் பழைய சலானிலிருந்து வரிசையாகக் கழித்துப் பங்கீட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை எழுதினாலும் போதும். அன்றாடப் பதிவு தடைபடாது, பொய் எண்ணும் நுழையாது.

ஒன்றுக்கு ஒன்று என்ற உறவு இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட வராது. வந்தால் அந்த இரண்டு டேபிளையும் ஒன்றாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நார்மல் ஃபார்ம்கள்

இரட்டைப் பதிவு இல்லாதபடி டேபிள்களைப் படிப்படியாகப் பிரிப்பது நார்மலைசேஷன். அதன் படிகள்தான் நார்மல் ஃபார்ம்கள். முதல் நார்மல் ஃபார்ம்: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு, திரும்பத் திரும்ப வரும் பத்திகள் கூடாது. மாடல் 1, மாடல் 2, மாடல் 3 என்று இருந்தால் நான்காவது மாடல் வந்த நாளில் டேபிளையே மாற்ற வேண்டும். ‘பாம்பே கொலுசு மொத்தம் எத்தனை கிலோ’ என்று கேட்க மூன்று பத்தியையும் தேட வேண்டும். ஒரே கட்டத்தில் கமா போட்டு எழுதுவது இன்னும் மோசம், அதில் எடையைத் தனித்தனியாகக் கூட்டவே முடியாது. வரவு_விவரம் என்று தனி டேபிளாக்கி மாடலுக்கு ஒரு வரிசை போட்டதற்கு இதுவே காரணம். போன் எண்ணைத் தனி டேபிளாக்கியதும் இதற்காகத்தான்.

இரண்டாவது, கீ ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளால் ஆனபோது மட்டும் பார்க்க வேண்டியது. கூலி_ஒப்பந்தத்தின் கீ பட்டறை_எண், மாடல்_எண், தொடக்கத் தேதி மூன்றும் சேர்ந்தது. அங்கே மாடல் பெயரையும் எழுதி வைத்தால், பெயர் மாடல்_எண்ணை மட்டுமே சார்ந்தது, மற்ற இரண்டுக்கும் அதோடு சம்பந்தமில்லை. எனவே பெயர் மாடல் டேபிளுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதில்தான் அனுபவமுள்ளவர்களும் வழுக்குவார்கள். கீ அல்லாத ஒரு பத்தி, கீ அல்லாத இன்னொன்றைச் சார்ந்திருக்கக் கூடாது. சரக்கு எடுக்கும் வண்டி பனங்காட்டுக்குச் செவ்வாய்க்கிழமையும் சிவதாபுரத்துக்கு வெள்ளிக்கிழமையும் போகிறது என்று வையுங்கள். பட்டறை டேபிளில் பகுதியையும் வண்டிக் கிழமையையும் சேர்த்து எழுதினால், கிழமை பட்டறையைச் சார்ந்ததில்லை, பகுதியைச் சார்ந்தது. பனங்காட்டு வண்டியைப் புதன்கிழமைக்கு மாற்றும் நாளில் அங்குள்ள எல்லாப் பட்டறைகளையும் திருத்த வேண்டியிருக்கும். பகுதி என்று தனி டேபிள் வைத்ததால் ஒரு வரிசையை மாற்றினால் முடிந்தது.

இரண்டாம், மூன்றாம் ஃபார்ம்களைக் காட் 1971-ல் வரையறுத்தார். 1974-ல் இன்னொரு ஐபிஎம் ஆய்வாளரான ரேமண்ட் பாய்ஸுடன் சேர்ந்து இன்னும் கறாரான ஒன்றையும் தந்தார். அதற்கு மேலும் படிகள் உண்டு. இந்த அளவுக் கணக்குக்கு மூன்றாம் படியை உண்மையாகக் கடைப்பிடித்தாலே போதும்.

ஒரே எண் இரண்டு இடத்தில்: எப்போது சரி

மேலே உள்ள பட்டியலைக் கவனித்தவர்கள் கேட்கலாம்: கூலி விகிதம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, வரவு_விவரத்திலும் இருக்கிறது, இது இரட்டைப் பதிவு இல்லையா?

இல்லை. அவை இரண்டு வேறு செய்திகள். ஒப்பந்தத்தில் இருப்பது பேசிய கூலி, விவரத்தில் இருப்பது அந்தச் சரக்குக்குப் போட்ட கூலி. தீபாவளி நெருக்கத்தில் அவசர வேலைக்குக் கூட்டிக் கொடுத்திருக்கலாம், மெருகு சரியில்லை என்று குறைத்திருக்கலாம். ஒப்பந்த விகிதத்தை மட்டும் வைத்து, விவரத்தில் வைக்காமல் விட்டால், பொங்கலுக்குப் பின் கூலியை ஏற்றியதும் பழைய மாதக் கணக்கெல்லாம் புதுக் கூலியில் மாறிவிடும். தீர்த்துப் பணம் கொடுத்த கணக்கு திடீரென்று பாக்கி காட்டும். டேட்டாபேஸ் வடிவமைப்பில் பணத்தை நேரடியாகத் தின்னும் பிழை இது. நார்மலைசேஷனைப் புதிதாகக் கற்றவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள், ஏனென்றால் இரண்டு இடத்தில் ஒரே எண்ணைப் பார்த்தாலே ஒன்றை வெட்டத் தோன்றும். வெட்டும் முன் இப்படிக் கேளுங்கள்: இதில் ஒன்று நாளை மாறினால் மற்றதும் மாற வேண்டுமா? மாற வேண்டும் என்றால் அது இரட்டைப் பதிவு. மாறக் கூடாது என்றால் இரண்டும் இருக்க வேண்டும்.

அதனால்தான் கூலி_ஒப்பந்தத்தின் கீயில் தொடக்கத் தேதி இருக்கிறது. கூலி ஏறினால் பழைய வரிசையைத் திருத்தாமல் புதுத் தேதியோடு ஒரு வரிசை சேருங்கள். வரவு பதியும்போது, வரவு தேதிக்கு முன்போ அன்றோ தொடங்கியவற்றில் கடைசியானதை எடுத்து விவரத்தில் நிரப்பட்டும். முடிவுத் தேதி என்று இன்னொரு பத்தி வைக்காதீர்கள். ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே செய்தி, இரண்டையும் எழுதினால் நடுவே இடைவெளி விழுவதோ ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதோ கட்டாயம் வரும்.

டச்சுக்கும் இதே நியாயம். பட்டறைக்காரர் சொன்ன டச்சும், டச் கடையில் பார்த்து வந்த டச்சும் இரண்டு செய்திகள். சோதித்தது வந்ததும் சொன்னதை அழித்து எழுதினால், எந்தப் பட்டறை தொடர்ந்து அரை டச் கூட்டிச் சொல்கிறது என்று பிறகு தெரியாது. மரவள்ளிக் கிழங்கை மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை போடும் நம் ஊர் ஜவ்வரிசி ஆலைகளின் கணக்குக்கும் இது அப்படியே பொருந்தும்.

நிலுவையைச் சேமிக்காதீர்கள்

கணக்கிட்டால் கிடைக்கும் எண்ணைப் பத்தியாக வைத்தால் அது எப்போதாவது பொய் சொல்லும். பட்டறை டேபிளில் ‘நிலுவை’ வேண்டாம். ஓர் உதாரணம்: 99.90 டச்சில் 500 கிராம் கட்டி கொடுத்தோம். தூய வெள்ளி 499.500 கிராம். 75 டச்சில் 640 கிராம் கொலுசு வந்தது. தூய வெள்ளி 480.000 கிராம். கிலோவுக்கு 10 கிராம் தூய வெள்ளி சேதாரம் என்று பேச்சு, எனவே 6.400 கிராம் கழிவு. நிலுவை 13.100 கிராம். இந்த 13.100 எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு எடை, இரண்டு டச், சேதார விகிதம் ஆகிய ஐந்து எண்களிலிருந்து கேட்கும்போதெல்லாம் வரும், நாளை டச் திருத்தப்பட்டால் தானாகவே திருந்தும்.

தூய எடையை மட்டும் ஜெனரேட்டட் பத்தியாக வைக்கலாம். எடையிலிருந்தும் டச்சிலிருந்தும் டேட்டாபேஸே அதைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும், கையால் மாற்ற முடியாது. போஸ்ட்கிரெஸ் 12, மைஎஸ்க்யூஎல் 5.7, எஸ்க்யூலைட் 3.31 முதல் இந்த வசதி உண்டு.

நிலுவையை எடுக்கும் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) ஒரு பெரிய குழி இருக்கிறது. பட்டறை, வழங்கல், வரவு_விவரம் மூன்றையும் ஒரே ஜாயினில் (டேபிள்களின் வரிசைகளை இணைக்கும் கட்டளையில்) சேர்த்துக் கூட்டினால், 3 வழங்கலும் 4 விவரமும் உள்ள பட்டறைக்கு 12 வரிசைகள் பிறக்கும். கொடுத்த வெள்ளி நான்கு மடங்காகவும் வந்த வெள்ளி மூன்று மடங்காகவும் கூடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வழங்கலைப் பட்டறைவாரியாகத் தனியாகக் கூட்டுங்கள், வரவைத் தனியாகக் கூட்டுங்கள், பிறகு இரண்டு மொத்தங்களையும் பட்டறையோடு, இணை இல்லாத பட்டறையையும் விடாமல் காட்டும் லெஃப்ட் ஜாயினில் சேருங்கள். இன்னும் சரக்கு எதுவும் வராத பட்டறைக்கு வரவு நல் ஆக இருக்கும். 499.500-லிருந்து நல்லைக் கழித்தால் விடை நல். எனவே கோயலெஸ் போட்டு அதைச் சுழியமாக்குங்கள்.

கிராமையும் ரூபாயையும் ‘தொகை’ என்ற ஒரே பத்தியில் போட்டுப் பக்கத்தில் வகையை எழுதாதீர்கள். யாராவது ஒருநாள் இரண்டையும் கூட்டிவிடுவார்கள். வெள்ளி நிலுவையைப் பணமாகத் தீர்க்கும் வழக்கம் இருந்தால், தீர்வை என்று தனி டேபிள் வைத்து கிராம், அன்றைய விலை, ரூபாய் மூன்றையும் எழுதுங்கள்.

தரவு வகையும் காவலும்

எடைக்கு ஃப்ளோட் வேண்டாம். அது இரும எண்ணில் தோராயமாகச் சேமிக்கும், அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் மூன்று தசமம் உள்ள டெசிமல் வகை கொடுங்கள். எஸ்க்யூலைட்டில் டெசிமல் என்று எழுதினாலும் உள்ளே ஃப்ளோட் ஆகத்தான் போகும். அங்கே மில்லிகிராமில் முழு எண்ணாக, 500 கிராமை 500000 என்று வையுங்கள். தூய எடையை வரிசைக்கு வரிசை ரவுண்ட் செய்து கூட்டுவதா, கூட்டிவிட்டு ரவுண்ட் செய்வதா என்பதை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே விடை தராது.

டச்சை ஒருவர் 75 என்பார், ஒருவர் 0.75 என்பார், ஒருவர் 750 என்பார். 20-க்கு மேல், 100 வரை என்று செக் கட்டுப்பாடு போட்டால் மற்ற இரண்டும் நுழையாது. மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் எழுதினால் பிழை காட்டாமல் வாங்கிக்கொண்டு, பிறகு கண்டுகொள்ளாது. பதிப்பைப் பார்த்துவிட்டு நம்புங்கள். எடை சுழியத்துக்கு மேல், ஜோடி குறைந்தது 1 என்பவையும் செக்கில் சேரட்டும். எடை, டச், தேதி, பட்டறை_எண் எல்லாவற்றுக்கும் நாட் நல். சோதித்த டச் மட்டும் நல் ஆக இருக்கலாம், அதன் பொருள் ‘இன்னும் பார்க்கவில்லை’.

போன் எண் எழுத்து வகையாக இருக்கட்டும். 0427 என்று தொடங்கும் சேலம் தரைவழி எண்ணை எண் வகையில் வைத்தால் முன்னே உள்ள சுழியம் போய்விடும்.

தமிழில் பதிபவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. ‘கொலுசு’ என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. சாதாரண ஒப்பீட்டில் டேட்டாபேஸுக்கு அவை வேறு வேறு சொற்கள். எனவே யூனிக் இருந்தும் ஒரே மாடல் இரண்டு முறை பதிவாகும், தேடினால் பாதி வரும். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. பதியும் முன் எழுத்தை, இந்தக் குறிகளை ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி, முன்பின் இடைவெளிகளை நீக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இதற்கு நார்மலைஸ் என்ற செயல்கூறு உள்ளேயே இருக்கிறது. மற்றவற்றில் உங்கள் நிரலில் செய்ய வேண்டும்.

பதிவும் திருத்தமும்

ஒரு வரவும் அதன் விவர வரிசைகளும் ஒரே டிரான்சாக்ஷனில் போக வேண்டும். வரவு வரிசை பதிவாகி, மூன்றாவது மாடலில் கரண்ட் போனால், பாதிச் சரக்கு கணக்கில் ஏறி நிற்கும். டிரான்சாக்ஷனில் இருந்தால் எல்லாம் பதியும், அல்லது எதுவும் பதியாது.

தீர்த்த மாதத்தில் எடை தவறு என்று தெரிந்தால் பழைய வரிசையைத் திருத்தாமல், அதை ரத்து செய்யும் வரிசை ஒன்றும் சரியான வரிசை ஒன்றும் சேருங்கள். இதற்காகப் பதிவு வகை என்று ஒரு பத்தி வைத்தால், எடை எப்போதும் சுழியத்துக்கு மேல் என்ற செக்கைத் தளர்த்த வேண்டியதில்லை. ஆனால் கூட்டும் குவெரி அந்த வகையைப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

இண்டெக்ஸ் (வரிசைகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல்) அதிகம் வேண்டாம். பிரைமரி கீக்கும் யூனிக்குக்கும் தானாக வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது, மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி போட்டுவிடும். வழங்கலுக்கும் வரவுக்கும் பட்டறை_எண், தேதி என்ற இந்த வரிசையிலேயே ஒரு கூட்டு இண்டெக்ஸ் போட்டால், ஒரு பட்டறையின் ஒரு மாதக் கணக்கு உடனே வரும். வரிசையைத் திருப்பித் தேதியை முன்னே வைத்தால் ஒரு பட்டறையை மட்டும் தேடும்போது பெரிதாக உதவாது.

சோதனை

முதலில் எடுத்து வைத்த அந்த மாதச் சீட்டுகளை முழுவதும் பதியுங்கள். பொய் உதாரணங்களை வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். உண்மைச் சீட்டில்தான் மாடல் பெயர் எழுதாத வரவும், இரண்டு பட்டறை சேர்ந்து கொடுத்த சரக்கும், டச் பார்க்காமல் வந்த பழைய வெள்ளியும் இருக்கும். எந்தச் சீட்டைப் பதியும்போது பொய்யாக ஏதாவது நிரப்ப வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தில் வடிவம் தவறு. நின்று, வாக்கியப் பட்டியலுக்குத் திரும்பி, டேபிளை மாற்றுங்கள்.

அதன் பிறகு பட்டறைவாரியாக நிலுவையை எடுத்து நோட்டோடு ஒப்பிடுங்கள். எல்லாப் பட்டறையிலும் சில மில்லிகிராம் வித்தியாசம் வந்தால் ரவுண்ட் செய்யும் விதி வேறு. கொடுத்ததும் வந்ததும் முழு மடங்காகப் பெருகியிருந்தால் ஜாயின் குழியில் விழுந்திருக்கிறீர்கள். கூலி ஏற்றிய தேதியை ஒட்டி மட்டும் ரூபாய் மாறினால், ஒப்பந்த வரிசையை எடுக்கும் நிபந்தனையில் அன்றைய தேதி விடுபட்டிருக்கும். ஒரே ஒரு பட்டறையில் மட்டும், வேறு எந்தக் காரணமும் பொருந்தாத வித்தியாசம் வந்தால், டேட்டாபேஸைத் தொடும் முன் நோட்டில் அந்தப் பக்கத்தை மறுபடி கூட்டிப் பாருங்கள்.